பலாக்காயை மேலே எழுதுங்கள்!

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிப் பட்டியல் எழுத மூன்று நாள் தருகிறார்கள். அந்த மூன்று நாளில் அவசரமாக எழுதியதை நான்கு வருடம் படிக்க வேண்டியிருக்கிறது. பட்டியலை எப்படி எழுதுவது? அதற்கு முன் ஒரு பழைய பட்டியலைப் பார்த்துவிடுவோம்.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருமிடம் திருமுக்கூடல். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் வந்து, அப்படியே ஆற்றைக் கடந்து இங்கும் எழுந்தருளுவார். மற்ற நாட்களில் கிரஷர் லாரிகளின் தூசிதான். இந்த ஊர் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் வெட்டிவைத்த நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலை எனும் மருத்துவமனையைப் பற்றிச் சொல்வதால் மருத்துவர்களிடையே அது பிரபலம். அதே கல்வெட்டு ஒரு கல்விச்சாலைக் கணக்கையும் சொல்கிறது. ரிக் வேதம் படிக்க 10 பேர், யஜுர் வேதம் படிக்க 10 பேர், வியாகரணம் படிக்க 20 பேர். அவர்களுக்குச் சாப்பாடு, விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய் என்று விடுதிச் செலவு வரைக்கும் எழுதியிருக்கிறது.

இன்றைய பேச்சில் சொன்னால் அது 'சீட் மேட்ரிக்ஸ்'. எந்தப் படிப்புக்கு எத்தனை இடம் என்பதை அரசன் முடிவு செய்தான். அந்த இடங்களில் யார் உட்காரலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. ஆற்றங்கரையில் உழுதவர் வீட்டுப் பிள்ளைக்கும் தறி நெய்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த நாற்பதில் இடமில்லை.

இன்று அதே சுற்றுவட்டாரத்தில் கல்குவாரியில் வேலை பார்ப்பவரின் மகளும், அய்யம்பேட்டைத் தறிக்காரர் மகனும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளிலிருந்து தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே வரிசைப்படுத்தலாம். அந்த உரிமை வர ஆயிரம் வருடம் ஆகியிருக்கிறது. அதைப் பயன்படுத்தும் விதம்தான் கவலை தருகிறது. ஜூலை மாதத்தில் வாலாஜாபாத்திலோ உத்திரமேரூரிலோ ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போய் நின்று பாருங்கள். பிள்ளையும் அப்பாவும் சென்டர்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "இந்த கட்-ஆஃபுக்கு எதுண்ணே கிடைக்கும்?" என்பதுதான். கிடைக்கும் என்று அவர் சொல்வது முதல் வரியில் ஏறிவிடும். அங்கேதான் தப்பு நடக்கிறது.

பழமொழி பொய்க்கும் இடம்

மரத்தில் இருக்கும் பலாக்காயைவிடக் கையில் இருக்கும் களாக்காய் மேல் என்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் முடிவெடுத்தார்கள், அதனால் பிழைத்தார்கள். கல்லூரிப் பட்டியலுக்கு மட்டும் அது பொருந்தாது. அங்கே பலாவுக்கு எம்பினாலும் கையில் உள்ள களா கீழே விழாது.

கணினி இடம் ஒதுக்கும் முறை எளிமையானது. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுக்கிறது. அவர் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. அவருடைய முறை வரும்போது எந்த வரியில் முதலில் காலியிடம் தெரிகிறதோ அதைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறது. அதற்குக் கீழே அவர் எழுதியவற்றை அது படிப்பதே இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மாணவியின் ரேங்க் 30,000. வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் மின்னணுவியல் பிரிவு சென்ற ஆண்டு 45,000 ரேங்க் வரை போயிருக்கிறது. அவள் உண்மையில் விரும்பும் சென்னைக் கல்லூரியில் கணினிப் பிரிவு 28,000-த்தோடு நின்றுவிட்டது. "சென்னை கிடைக்காதும்மா, நிச்சயமா கிடைக்கிறதை முதலில் போடு" என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அவள் அப்படியே போடுகிறாள். இந்த ஆண்டு சென்னைக் கல்லூரி 31,000 வரை இறங்குகிறது. அவளுக்கு அது கிடைக்குமா? கிடைக்காது. முதல் வரியிலேயே இடம் இருந்ததால் கணினி அங்கேயே நின்றுவிட்டது. மாற்றி எழுதியிருந்தால் சென்னை கிடைத்திருக்கும். சென்னை கை நழுவியிருந்தாலும் பக்கத்துக் கல்லூரி அப்படியே அவளுக்காக இருந்திருக்கும்.

"நாம இரண்டாவதா போட்டா, முதல்ல போட்டவங்க அந்த சீட்டை எடுத்துக்க மாட்டாங்களா?" எல்லா வீட்டிலும் எழும் சந்தேகம் இது. எடுத்துக்கொள்ள முடியாது. உங்களுக்குப் பின்னால் ரேங்க் உள்ளவர் அதை முதல் வரியில் எழுதினாலும், கணினி உங்களை முடித்துவிட்டுத்தான் அவரிடம் போகும்.

இந்தப் பயம் ஆதாரமில்லாததும் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் முன்பு வேறு முறை இருந்தது. முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் இடம். ஆசைப்பட்ட பள்ளியை முதலில் எழுதித் தவறவிட்டால், இரண்டாவது பள்ளி அதற்குள் நிரம்பிவிடும். அதனால் பெற்றோர் உண்மை விருப்பத்தை மறைத்துக் கணக்குப் போட்டே எழுதினார்கள். பொருளாதார அறிஞர்கள் அதன் குறையை எடுத்துக்காட்டிய பிறகு 2005-இல் அந்த முறை கைவிடப்பட்டது. இடம் ஒதுக்கும் கணக்கைக் கோட்பாடாக வளர்த்ததற்கு லாயிட் ஷாப்லி, ஆல்வின் ராத் இருவருக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் கலந்தாய்வில் பாஸ்டன் பயத்துக்கு இடமில்லை. மனதில் இருப்பதை இருக்கும் வரிசையிலேயே எழுதலாம்.

மதிப்பெண் அல்ல, ரேங்க்

இனி எதை மேலே, எதை நடுவில், எதைக் கீழே எழுதுவது? அதற்கு நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும்.

நுழைவுத் தேர்வு 2007-இல் நீங்கியதிலிருந்து பொறியியலுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். கணிதம் முழுதாக 100, இயற்பியல் பாதி 50, வேதியியல் பாதி 50, மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 80 எடுத்தால் கட்-ஆஃப் 92 + 42 + 40, அதாவது 174. இதை வைத்துக்கொண்டு "போன வருஷம் 174-க்கு அந்தக் காலேஜ் கிடைச்சுது" என்று பேசுவதுதான் ஊர் வழக்கம்.

ஆனால் கேள்வித்தாள் எளிதாக இருந்த ஆண்டில் 174 எடுத்தவர் பின்னால் போவார், கடினமாக இருந்த ஆண்டில் அதே 174 முன்னால் வரும். கொரோனாவால் பொதுத்தேர்வு ரத்தான 2021-இல் பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். அந்த ஆண்டுக் கட்-ஆஃபை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டால் எதுவும் புரியாது. ஆகவே கட்-ஆஃபை ஒரு கண்ணாலும் ரேங்கை இரண்டு கண்ணாலும் பார்க்க வேண்டும். பொதுத் தரவரிசை ஒன்று, சாதிப்பிரிவுத் தரவரிசை ஒன்று என இரண்டு எண் வரும். கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாகச் சென்ற ஆண்டுகளின் கடைசி ரேங்க் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. ஓராண்டு பார்த்தால் ஏமாற வாய்ப்புண்டு. மூன்றாண்டு பார்த்தால் போக்கு பிடிபடும்.

ஒரே கட்-ஆஃப் பலருக்கு வந்தால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எதிலும் பிரிக்க முடியாவிட்டால் பிறந்த தேதி, கடைசியாக ரேண்டம் எண். நெருக்கமான இடத்தில் ஒரு கணித மதிப்பெண் பல நூறு ரேங்கை நகர்த்திவிடும். ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் இதை இப்போதே குறித்துக்கொள்வது நல்லது.

மூன்று அடுக்குப் பட்டியல்

ரேங்க் தெரிந்துவிட்டது. இனி ஒரு நோட்டை எடுத்துக் கோடு போடுங்கள். கல்லூரி எண், பாடப்பிரிவு, மூன்றாண்டுக் கடைசி ரேங்க், போக வர ஆகும் நேரம், ஆண்டுக்கு மொத்தச் செலவு என ஐந்து பத்தி போதும். கல்லூரி எண்ணை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே மாதிரி பெயரில் நாலைந்து கல்லூரிகள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து எழுதி, திண்டிவனத்துக்குப் பதில் திருநெல்வேலி வந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

மேல் அடுக்கில் ஆசை. உங்கள் ரேங்கைவிட முன்னாலேயே முடிந்துவிடும் இடங்களாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்றவை பலருக்கு இந்த அடுக்கில்தான் வரும். கிண்டியும் குரோம்பேட்டையும் காஞ்சிபுரம் – கடற்கரை ரயில் பாதையிலேயே இருக்கின்றன. பழையசீவரத்தில் ஏறினால் வண்டி மாறாமல் போய்விடலாம்.

நடு அடுக்கில் நிஜம். சென்ற மூன்றாண்டுகளின் கடைசி ரேங்க் உங்கள் ரேங்குக்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக உள்ள இடங்கள். பெரும்பாலும் சீட் கிடைப்பது இங்கேதான், ஆகவே அதிக உழைப்பும் இங்கேதான் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் பருவத் தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டைக் கல்லூரிவாரியாக வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். கல்லூரிக்கே போய், விளம்பரப் பலகையைத் தாண்டி ஆய்வகம் வரை நடந்து பாருங்கள். கேன்டீனில் மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை பொன்னேரிக்கரையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது. பக்கத்தில் இருப்பதாலேயே பல பேர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

கீழ் அடுக்கில் நிதானம். உங்கள் ரேங்குக்கு வெகு பின்னால் வரை போகிற இடங்கள். இந்த அடுக்கில் ஒரே விதி: கிடைத்தால் மனமாரப் போய்ச் சேருவோம் என்று சொல்லக்கூடியதை மட்டும் எழுதுங்கள். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் நிரப்பினால், வேண்டாத இடமே தலையில் விழும். அதே சமயம் ஐந்தாறு வரியோடு நிறுத்திவிட்டால் ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போக நேரும். அதற்குள் நல்ல இடங்கள் தீர்ந்திருக்கும்.

பாடப்பிரிவா, கல்லூரியா என்ற சண்டை எல்லா வீட்டிலும் உண்டு. பொதுவான தீர்ப்பு எதுவும் இல்லை. அந்தப் பிரிவின் நான்காண்டுப் பாடத்திட்டத்தைப் பிள்ளை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். பெயர் கவர்ச்சியாக இருந்து, உள்ளே இருக்கும் பாடம் பிடிக்கவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடலாம்.

செலவுப் பத்தியை நிரப்புங்கள்

தனியார் கல்லூரியிலும் எல்லா இடமும் ஒரே கட்டணம் அல்ல. சிறுபான்மை அல்லாத கல்லூரிகள் 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். அந்த இடங்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தது. பேருந்து, விடுதி, சீருடை, 'டெவலப்மென்ட்' என்று வருவதெல்லாம் தனி. சேரும் முன் மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நெசவாளர் வீட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோர்வைத் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா போட ஓர் ஆள் வேண்டும். பள்ளி விட்டு வந்த பிள்ளை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால், பிள்ளை விடுதிக்குப் போன மறுநாள் முதல் கூலி ஆள் வைக்க வேண்டும். விடுதிக் கட்டணத்தோடு அந்தக் கூலியையும் சேர்த்தால்தான் தூரத்துக் கல்லூரியின் உண்மையான செலவு தெரியும்.

எதிர்ப்பக்கத்தில் வரவும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு, மருத்துவத்தில் 2020-லிருந்தும் பொறியியலில் 2021-லிருந்தும் நடைமுறைக்கு வந்தது. அதில் இடம் பெறுவோரின் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்பதாக அறிவித்தது. அந்தப் பிள்ளைகள் கட்டணத்துக்குப் பயந்து நல்ல கல்லூரியைக் கீழே இறக்கி எழுதுவதைப் போல வீண் வேறில்லை. வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-லும் தொடங்கின. விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே வாசலில் நிற்காதீர்கள்

பொறியியல் கலந்தாய்வு ஒரு வாசல்தான். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி இணைய விண்ணப்பம். விண்ணப்பக் கட்டணம் 48, பதிவுக் கட்டணம் 2, ஆக 50 ரூபாய். ஒரு சினிமா டிக்கெட் விலைகூட இல்லாத செலவில் செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கல்லூரியிலோ செய்யாறு அறிஞர் அண்ணா கல்லூரியிலோ ஒரு பாதுகாப்பு வைத்துக்கொள்ளலாம். காஞ்சிபுரத்திலேயே பச்சையப்பன் ஆடவர் கல்லூரியும் மகளிர் கல்லூரியும் உண்டு. வேளாண்மை, கால்நடை, சட்டம், துணை மருத்துவம் எல்லாவற்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கடைசித் தேதி.

காஞ்சிபுரம் என்று பெயரிலேயே உள்ள ஐ.ஐ.ஐ.டி.டி.எம். நம் பொறியியல் கலந்தாய்வில் வராது. 2007-இல் தொடங்கிய அந்த மத்திய நிறுவனம் இருப்பது வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில். சேர ஜே.இ.இ. எழுத வேண்டும். தறியை விட மனமில்லாத பிள்ளைக்கு 1960-இல் தொடங்கிய சேலம் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேரடியாகப் பொறியியல் இரண்டாமாண்டில் சேரும் வழியும் திறந்தே இருக்கிறது.

வெளிநாடு நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே விளையாட்டின் விதியே வேறு. பிரிட்டனில் பொது விண்ணப்பத்தில் ஐந்து விருப்பம்தான் எழுத முடியும். அமெரிக்காவில் பொது விண்ணப்ப முறையில் 20 கல்லூரி வரை போடலாம் என்றாலும், பல கல்லூரிகள் தனிக் கட்டணமும் தனிக் கட்டுரையும் கேட்கும். அங்கே ஆசைக்கும் நிஜத்துக்கும் பாதுகாப்புக்கும் எத்தனை எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். இலங்கையில் இசட் புள்ளி எனும் தரப்படுத்திய மதிப்பெண்ணோடு மாவட்டமும் சேர்ந்து முடிவு செய்கிறது. நம் கலந்தாய்விலோ மேலே எழுதும் ஆசைக்கு விலையே இல்லை.

இடம் வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் முடிவு சொல்ல இரண்டு நாள்தான். ஒன்று, ஏற்றுச் சேர்கிறேன்; இரண்டு, ஏற்கிறேன், ஆனால் பட்டியலில் மேலே உள்ளது கிடைத்தால் அதற்கு மாறுகிறேன்; மூன்று, இது வேண்டாம், மேலே கிடைத்தால் மட்டும் தாருங்கள்; நான்கு, இது வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன்; ஐந்து, விலகுகிறேன். இந்த ஐந்தில் இரண்டாவதுதான் பெரும்பாலோருக்கு நல்லது. கையில் உள்ளதும் போகாது, மேலே காலியாவதும் தப்பாது. ஆனால் அது பலன் தர, பட்டியல் உண்மை வரிசையில் இருக்க வேண்டும். களாக்காயை முதல் வரியில் எழுதியவருக்கு மேலே போக வரியே இருக்காது. ஏற்றபின் குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டாவிட்டால் இடம் ரத்தாகும். அந்த முதல் தவணைப் பணத்தை முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

இதையெல்லாம் மூன்று நாளில் செய்ய முடியாது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே நோட்டைத் தொடங்கினால் ரேங்க் வந்ததும் வரிசை மாற்றினால் போதும். சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் கூட்டம் சேருமுன் வாங்கிவிடலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் சென்டர்காரரிடமோ கல்லூரி ஏஜென்டிடமோ போகக் கூடாது. விருப்பங்களைப் பூட்டும் பொத்தானைப் பிள்ளையே அழுத்தட்டும். எவ்வளவு செலவு முடியும், எவ்வளவு தூரம் அனுப்ப முடியும் என்ற இரண்டையும் நீங்கள் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த எல்லைக்குள் எது முதல் வரி என்பதைப் படிக்கப் போகிறவர் எழுதட்டும்.